பதினான்கு தாள்களும் ஓர் ஊஞ்சலும்

இன்றைக்கும் யாராவது ஒரு படிவத்தை என்னிடம் நீட்டி, "நீயே நிரப்பிடு, கீழே கையெழுத்து மட்டும் போட்டுத் தர்றேன்" என்றால் நான் வாங்கமாட்டேன். தாளை அவர்கள் பக்கமே தள்ளிவிட்டு, நீங்களே எழுதுங்கள் என்பேன். அலுவலகத்தில் என்னைக் கறார்ப் பேர்வழி என்கிறார்கள். இந்தக் கறார் பிறவியில் வந்ததில்லை. பத்து வயதில் பதினான்கு குடும்பங்களை ஏமாற்றியதில் வந்தது.

அப்போது நாங்கள் திருவனந்தபுரத்துக் கழக்கூட்டத்தில், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு சந்தில், லைன் வீட்டில் குடியிருந்தோம். பதினான்கு வீட்டுக்கும் ஒரே கூரை, ஒரே கிணறு, முன்னால் ஒரே ஓடை. எல்லோருமே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அப்பா பொன்முடிச் சாலையில் எங்காவது ஒரு கட்டடத்தில் சென்ட்ரிங் வேலை பார்த்துக்கொண்டு மாதத்துக்கு இரண்டு தடவை வீட்டுக்கு வருவார். அம்மா, ஐ.டி. பிள்ளைகள் தங்கியிருந்த ஹாஸ்டலில் தோசை சுட்டாள். அடுத்த வீட்டில் சித்தி. ஒரு தையல் மிஷினை வைத்துக்கொண்டு வட்டாரத்துக்கே நைட்டி தைத்துக் கொடுத்தவள்.

ஓடை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். சாக்கடைதான். மூடியும் கிடையாது, கட்டிய கரையும் கிடையாது. மழை பிடித்தால் அழைக்காமலே வீட்டுக்குள் வந்துவிடும். அம்மா அரிசி டப்பாவைத் தூக்கிக் கட்டில்மேல் வைப்பாள், அதன் பக்கத்தில் என்னை வைப்பாள், பிறகு வாளியை எடுத்துக்கொண்டு இறைக்கத் தொடங்குவாள். மழை விட்டாலும் நாற்றம் பத்து நாளைக்கு விடாது.

லைனில் எல்லோரும் மலையாளம் பேசுவார்கள். எழுதப் படிக்கத்தான் யாருக்கும் தெரியாது. ஊரில் ஐந்தாவதோ ஆறாவதோ தமிழில் படித்துவிட்டு வந்தவர்கள். நான் பக்கத்து அரசுப் பள்ளியில் மலையாளத்தில் படித்தேன். அதனால் ரேஷன் கார்டு, கரண்ட் பில், ஆஸ்பத்திரிச் சீட்டு என்று எந்தத் தாள் வந்தாலும் என்னிடம்தான் வரும். எழுதிக் கொடுத்தால் ஒரு முறுக்கு கிடைக்கும். சித்தி என்னை 'வக்கீலம்மா' என்றுதான் கூப்பிடுவாள். பத்து வயதுப் பிள்ளையை இப்படித் தூக்கி வைத்தால் தலை கனக்காமல் என்ன செய்யும்?

அந்த வருஷம் வார்டு மக்கள் கூடும் வார்டு சபைக்குக் கொஞ்ச நாள் முன்னால், அயல்கூட்டம் என்கிற பெண்கள் குழுவிலிருந்து ஒரு சேச்சி வந்து வீட்டுக்கு ஒரு தாள் கொடுத்துவிட்டுப் போனார். மாநகராட்சியில் எங்கள் வார்டுக்கென்று வரும் பணத்தில் என்ன செய்யலாம் என்று மக்களே எழுதித் தர வேண்டுமாம். 'உங்கள் பகுதிக்கு மிக அவசியமான ஒரு பணி' என்று போட்டு, கீழே இரண்டு கோடு விட்டிருந்தது. சாயங்காலம் பெண்கள் பதினான்கு பேரும் எங்கள் வாசலில் கூடிவிட்டார்கள்.

"ஓடைக்குக் கல்லு கெட்டி, மேல சிலாப் போடணும்னு எழுதுட்டி," என்றாள் அம்மா. அடுத்தவளும் அதையே சொன்னாள். பதினான்கு பேரும் அதையேதான் சொன்னார்கள். வெறும் தாளில் தமிழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, "நல்ல எழுத்தா எழுது, தாயி" என்று அவரவர் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

எனக்கு அப்போது உலகத்திலேயே வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. ஊஞ்சல். அம்மா வேலை பார்த்த ஹாஸ்டலுக்குப் பக்கத்து அடுக்குமாடிப் பிளாட்டில், பச்சைப் புல்லுக்கு நடுவில், மஞ்சள் பலகை போட்ட இரண்டு ஊஞ்சல்கள் இருந்தன. ஒரு சனிக்கிழமை அம்மாவோடு போனவள், நைசாக மதில் இடைவெளியில் நுழைந்து ஏறி உட்கார்ந்துவிட்டேன். நாலு ஆட்டம் ஆடியிருப்பேன். காவல்காரர் வந்து, இது இங்கே குடியிருக்கிற குழந்தைகளுக்கு மட்டும் என்று சொல்லி, காதைப் பிடித்துக் கேட் வரைக்கும் கூட்டி வந்து விட்டார். ஹாஸ்டல் சமையலறை ஜன்னலில் அம்மா தோசைக் கரண்டியோடு நின்றிருந்தாள். பார்த்தாளா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. 

அன்று விளக்கடியில் தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு யோசித்தேன். ஓடை எப்போதும் இருக்கிறது, எப்போதாவது அரசாங்கமே பார்த்துக் கட்டிவிடும். ஊஞ்சல் அப்படி இல்லை, கேட்டால்தான் உண்டு. சந்து முனையில் புறம்போக்கு நிலம் வேறு சும்மா கிடக்கிறது. தாள் போகிற இடமோ எங்கேயோ ஒரு பெரிய ஆபீஸ். அங்கே யார் படித்து யாரிடம் சொல்லப்போகிறார்கள்? முதல் தாளில், 'குழந்தைகளுக்கு ஒரு பூங்கா, அதில் ஊஞ்சல்' என்று எழுதும்போது இரண்டு தடவை வாசலைத் திரும்பிப் பார்த்தேன். ஐந்தாவது தாளில் திரும்பிப் பார்ப்பது நின்றுவிட்டது. பத்தாவதிலிருந்து 'இரண்டு ஊஞ்சல்' என்று சேர்த்துக்கொண்டேன்.

வார்டு சபை ஞாயிற்றுக்கிழமை, எங்கள் பள்ளிக்கூட ஹாலிலேயே நடந்தது. அதற்கென்று ஒரு பழக்கம் இருந்தது. உள்ளே வருகிறவர்கள் நோட்டில் கையெழுத்துப் போடுவார்கள், டீயும் பழம்பொரியும் வாங்கிக்கொள்வார்கள், அரை மணி நேரத்தில் பின்வாசல் வழியாக நழுவிவிடுவார்கள். கையெழுத்து போதுமான அளவு விழுந்தால் சபை செல்லும். லைன் பெண்களும் மற்ற வருஷங்களில் அப்படித்தான். அந்த வருஷம் மட்டும் பதினான்கு பேரும் கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு, மூன்றாவது வரிசையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். தங்கள் ஓடையின் பெயரை மைக்கில் கேட்டுவிட்டுத்தான் போவது என்று இருந்தார்கள். நான் பழம்பொரியோடு ஜன்னல் திண்டில் ஏறியிருந்தேன்.

கவுன்சிலர் ஒரு பெண்மணி. போன மழைக்குப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எங்கள் சந்துத் தண்ணீரில் நடந்து வந்து பார்த்தவர். அவர் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து, மைக்கில் வாசிக்கத் தொடங்கினார். எனக்கு வாயில் இருந்த பழம்பொரி உள்ளே இறங்கவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான், கத்தவும் முடியாது. எங்கள் லைன் தாள்கள் வந்தன. பூங்கா, ஊஞ்சல். பூங்கா, ஊஞ்சல். நாலாவது தாளில் அவர் நிறுத்திவிட்டு மூன்றாவது வரிசையைப் பார்த்தார்.

"சேச்சி, கழிஞ்ஞ மழைக்கு ஓடையுடெ காரியமல்லே என்னோடு பறஞ்ஞது? இப்போ பார்க்கு மதியோ?"

போன மழைக்கு ஓடையைப் பற்றித்தானே சொன்னீர்கள், இப்போது பூங்கா போதுமா என்று கேட்கிறார். மூன்றாவது வரிசையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னாலிருந்து பிளாட்டுக்காரர் ஒருவர் எழுந்தார். தங்கள் தெருவுக்கு ஓடு பதித்த நடைபாதை கேட்டு எழுதியிருந்தவர். இவர்களுக்கு என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாது, யாரோ எழுதி வைத்துக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள், இதையெல்லாம் தள்ளிவிடுங்கள் என்று மலையாளத்தில் சொன்னார். ஹாலில் கொஞ்சம் சிரிப்பு எழுந்தது. அவர் விடவில்லை. "ஆரா இது எழுதியது?" என்று கேட்டார்.

அம்மா திரும்பி ஜன்னலைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வை. பிறகு எழுந்து நின்றாள்.

"நாங்க சொல்லித்தான் சார் எழுதினது," என்றாள். "பிள்ளையளுக்குக் களிக்கான் ஒரு எடம் வேணுமல்லோ. எங்க பிள்ளையளுக்கும் வேணும்."

சொல்லிவிட்டு வலது கையைத் தூக்கினாள். சித்தி அம்மாவைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், அவளும் தூக்கினாள். ஒவ்வொன்றாக அந்த வரிசை முழுவதும் கை எழுந்தது. கவுன்சிலர் எண்ணிக்கொண்டு நோட்டில் குறித்தார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அம்மாவுக்கு மலையாளம் போதாது, கேட்டது புரியாமல் கையைத் தூக்கிவிட்டாள் என்று அங்கேயே முடிவுகட்டிவிட்டேன். கேஸ் சிலிண்டர்க்காரனோடு மலையாளத்திலேயே அரை மணி நேரம் சண்டை பிடித்து ஜெயிக்கிறவள் என் அம்மா. அது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. நினைவுக்கு வந்தால் பயப்பட வேண்டியிருக்கும் என்பதால் வரவில்லை போலிருக்கிறது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நடந்தாள். சித்திதான் பக்கத்தில் வந்து, "வக்கீலம்மா, பழம்பொரி எறங்கிச்சா?" என்றாள். மற்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஐந்து மாதத்தில் பூங்கா வந்தது. ஒரு சறுக்கு, சிமெண்டில் ஒரு காளான் குடை, ஊஞ்சலைவிடப் பெரிய ஒரு கல்வெட்டு. ஊஞ்சல் ஒன்றுதான். பணம் அவ்வளவுக்குத்தான் எட்டியதாம். சாயங்காலம் இரண்டு மணி நேரம் மட்டும் கேட் திறக்கும். இருந்தாலும் என்ன, காதைப் பிடிக்க யாரும் இல்லை. பலகையில் நின்று ஆடினால் நெடுஞ்சாலையில் போகும் பஸ்ஸின் கூரை தெரியும். அம்மா வேலை முடிந்து வருகிறபோது கம்பி வேலிக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்று பார்ப்பாள். வா என்று கூப்பிடமாட்டாள். நானாக இறங்கி வரும்வரை நிற்பாள். அந்த நாட்களின் சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிறைகிறது, பொய் சொல்லமாட்டேன்.

ஜூனில் இடவப்பாதி என்கிற பருவமழை வந்தது. ஓடை வழக்கம்போல உள்ளே வந்தது, அந்த வருஷம் முழங்கால் வரைக்கும். அம்மா என்னையும் டப்பாவையும் கட்டிலில் ஏற்றிவிட்டுச் சித்தி வீட்டுக்கு ஓடினாள். அதற்குள் தையல் மிஷினின் மோட்டார் தண்ணீரில் மூழ்கிவிட்டது. சித்தி படியில் உட்கார்ந்து அதைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். மழை விட்ட பிறகும் துடைத்தாள். எனக்கு அரசாங்கத்தின்மேல் கோபம் கோபமாக வந்தது. "இவங்க ஏன் சித்தி ஓடை கெட்டித் தர மாட்டேங்காங்க?" என்று கேட்டேன்.

சித்தி துணியைப் பிழிந்தாள். "கேட்டாத்தானட்டி குடுப்பாவ," என்றாள். அவ்வளவுதான். நாலு மாதம் அவள் கையால் ஊசி பிடித்துத்தான் தைத்தாள்.

அதே மழையில் ஊஞ்சலின் ஒரு பக்கச் சங்கிலி துருப்பிடித்து அறுந்தது. யாரிடம் சொல்வது என்று கேட்டதற்கு, அடுத்த வார்டு சபையில் எழுதிக் கொடுங்கள் என்றார்களாம். பலகை ஒரு பக்கமாகத் தரையில் தொங்கிக்கொண்டு கிடந்தது.

அடுத்த வருஷமும் தாள் வந்தது. அம்மா என்னிடம்தான் கொண்டுவந்தாள். இந்தத் தடவை அடுப்பைப் பார்க்கப் போகவில்லை, எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எழுது. ஓடை."

எழுதினேன். நேர்மையாகவே எழுதினேன். தையல் மிஷின் கண்ணுக்குள்ளேயே நின்றது. நீட்டியபோது அம்மா வாங்கிக்கொள்ளவில்லை.

"வாசி," என்றாள்.

மலையாளத்தில் இருந்ததை அப்படியே வாசித்தேன். தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். பிறகு சொன்னாள், "கீழ இன்னொரு வரி எழுது. ஊஞ்சச் சங்கிலி அறுந்து கெடக்கு, மாத்தித் தரணும்னு."

"ஒரு வேலைதாம்மா எழுதணும்னு போட்டிருக்கு."

"எழுதுட்டி. கேட்டு வைப்போம்."

எழுதினேன். அதையும் வாசிக்கச் சொன்னாள். கேட்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டாள். அடுத்துச் சித்தி வந்து உட்கார்ந்தாள். ஓடை, சங்கிலி, வாசி. அடுத்தவளும் அதேதான். யாரும் வெறும் தாளில் கையெழுத்துப் போடவில்லை, முறுக்கை மட்டும் முன்னாலேயே வைத்துவிட்டார்கள். ஓடைக்குச் சிலாப் வர அதற்குப் பிறகும் இரண்டு மழை பிடித்தது. அது வேறு கதை.

பதினான்கு பேரும் ஒருவர் விடாமல் வாசித்துக் காட்டச் சொன்னார்கள். எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. என் மலையாளம் கேட்பதற்கு அவ்வளவு நன்றாக இருக்கிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கடைசித் தாளை எழுந்து நின்று, குரலை ஏற்றி இறக்கி, பள்ளிக்கூட ஆண்டு விழாவில் வாசிப்பதுபோல வாசித்தேன்.