என் நிழல் பட்ட பிள்ளை

அக்கா மகனுக்கு வயிற்றுப்போக்கு வந்ததற்குக் காரணம் நான்தான் என்று காலை ஏழரை மணிக்கே முடிவாகிவிட்டது. விசாரணை என்று ஒன்றும் நடக்கவில்லை. அக்காவின் மாமியார் பிள்ளையின் துணியை விரித்துப் பார்த்தார். பச்சையாக இருந்தது. முகர்ந்தார். திரும்பி என்னைப் பார்த்தார்.

"நீ தலைக்கு ஊத்தி எத்தினி நாளு ஆவுது?"

முந்தின நாள் சாயங்காலம் சிதம்பரத்தில் டவுன் பஸ் ஏறி, காட்டுமன்னார்கோயிலுக்கு முன்னால் இறங்கி, அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். போனதும் அக்காவிடம் ஒரு நாப்கின் கேட்டு வாங்கினேன். அதை அவர் கவனித்திருக்கிறார்.

"இன்னைக்கு ரெண்டாம் நாள் அத்தை," என்றேன். பொய் சொல்லியிருந்தால் அன்று பிள்ளையைத் தொட்டிருக்கலாம் என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

"அப்பவே நெனச்சேன். தோஷந்தான் இது. தூரமா இருக்கறவ நெழல் பட்டாலே பச்சப் புள்ளைக்கு ஆவாது. நீ மடியில வச்சிக் கொஞ்சிக் கூத்தடிச்சிருக்க."

தோஷம் என்று எங்கள் பக்கத்தில் சொல்வது இதைத்தான். மாதவிலக்கான பெண் தொட்டால் குழந்தைக்குப் பச்சையாகப் போகுமாம், வாந்தி வருமாம். நான் வளர்ந்ததும் இதைக் கேட்டுத்தான். ஆனால் குற்றவாளி இடத்தில் நின்று கேட்டது அன்றுதான் முதல்முறை.

நான் யார் என்று இங்கே சொல்லிவிடுகிறேன். அப்பா கடலூர் துறைமுகத்தில் மீன் பெட்டி ஏற்றுகிறவர். அம்மா கைநாட்டு. அம்மா வேலைக்குப் போவதற்காக, என்னைப் பார்த்துக்கொள்ள அக்காவை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தினார்கள். அவள் இடுப்பில் வளர்ந்த நான் வேதியியல் படித்தேன், பி.எட். முடித்தேன், இப்போது சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரைசல் பாடம் நடத்துகிறவளை அன்று அடுப்படிக்குள் வராதே என்றார்கள். பின்வாசலுக்கு வெளியே, துணி துவைக்கிற கல்லின் மேல் உட்காரச் சொன்னார்கள்.

அதுகூடப் போகட்டும். உள்ளே நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. பிள்ளைக்குப் பதினோரு மாதம். விடிவதற்குள் ஆறு தடவை போயிருந்தான், இரண்டு தடவை வாந்தி. அத்தை உத்தரவு போட்டார்: தண்ணீர் கொடுக்கக் கூடாது, கொடுக்கக் கொடுக்கப் போகும். தாய்ப்பாலும் வேண்டாம், வயிற்றில் தங்காது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு மந்திரிக்கிறவர் வருவார், அதுவரை வசம்பைச் சுட்டு நாக்கில் தடவினால் போதும்.

விளக்கு வைக்க இன்னும் பதினோரு மணி நேரம் இருந்தது.

அடுப்படியின் பின்கதவு திறந்திருந்தது. அக்கா உள்ளே பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். நான் கல்லில் இருந்தபடியே கேட்டேன்.

"கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனான்?"

"ராத்திரி படுக்கறப்ப."

"அழுதா கண்ணுல தண்ணி வருதா?"

அவள் பிள்ளையின் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். "வரலடி."

"வயித்துத் தோல லேசாக் கிள்ளி உடு. ஒடனே சமமாவுதா?"

"மெதுவாத்தான் போவுது," என்றாள். குரல் மாறிவிட்டது.

எனக்குக் கோபம் வந்தால் காது சூடாகும். அன்று காதோடு கழுத்தும் எரிந்தது. அங்கன்வாடியில் உப்பு சர்க்கரைப் பாக்கெட் கொடுத்திருப்பார்களே என்றேன். கொடுத்திருந்தார்கள். ஒன்று பிரிக்காமலே இருந்தது. இன்னொன்றில் அக்கா விடியற்காலையில் யாருக்கும் தெரியாமல் ஒரு சிட்டிகை எடுத்து டம்ளர் தண்ணீரில் போட்டு ஒரு வாய் கொடுத்திருக்கிறாள்.

"சிட்டிகையா? ஒரு லிட்டர் தண்ணிக்கு முழு பாக்கெட்டும் போடணும்க்கா. கொறைச்சலும் ஆவாது, ஜாஸ்தியும் ஆவாது."

"உப்புத் தண்ணிய ஊத்திப் புள்ள கொடல அறுக்கப் போறாளா டீச்சரம்மா?" என்று கூடத்திலிருந்து அத்தை குரல் கொடுத்தார். "வந்து ஒரு ராத்திரி தங்கனதுக்கே இந்தக் கதி."

மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், பைக் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நடுவில் நின்றார். நல்ல மனிதர். ஆனால் அம்மா இருக்கும் பக்கம் பார்த்தால் அவருக்குப் பேச்சு வராது.

"மாமா," என்றேன், "சாயங்காலம் வரைக்கும் இவன் தாங்க மாட்டான். இப்ப கலந்து குடுக்கறோம். மத்தியானம் ஒரு மணிக்குள்ள ஒண்ணுக்குப் போவலன்னா, இல்ல வாயே தொறக்கலன்னா, சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போயிடணும். நான் வேணும்னா பஸ்ஸுல தனியா வரேன், என் நெழல் உங்க வண்டியில படாது."

அவர் தலையை ஆட்டினார். அவ்வளவுதான் முடிந்தது அவரால். அதுவே அன்று பெரிய விஷயம்.

அக்கா தண்ணீரைக் கொதிக்க வைத்து, பாத்திரத்தோடு குளிர்ந்த நீரில் வைத்து ஆற்றினாள். பாக்கெட்டை என் பக்கம் நீட்டினாள். "நீ படிச்சு சொல்லு."

"குடுக்காத!" அத்தை ஓடி வந்துவிட்டார். "அவ தொட்டது எப்படிப் புள்ள வாயில போவும்?"

அக்கா கையை இழுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் பாக்கெட்டையே பார்த்தாள். பிறகு வெளிச்சத்துக்காக வாசல்படிக்கு வந்து, அதன் பின்பக்கத்தை எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள். "சுத்..தமான.. ஒரு லி..லிட்டர்.. தண்ணீ..ரில்.." அவள் வாய்விட்டுப் படித்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட மாமாவிடம் கொடுத்துவிடுவாள். "முழு.. பாக்கெட்டை..யும்.." என்று முடித்துவிட்டு மாமியாரைப் பார்த்தாள். "முழு பாக்கெட்டுன்னுதான் போட்டிருக்கு அத்தை."

ஒரு லிட்டரை அளப்பது எப்படி? என் தண்ணீர் பாட்டில் சரியாக ஒரு லிட்டர். அது நான் வாய் வைத்தது, ஆகாது. அப்போதுதான் சுவரில் ஆணியில் தொங்கிய பால் அளவைக் குவளை என் கண்ணில் பட்டது. அத்தை இரண்டு மாடு வைத்திருக்கிறார். தினமும் சொசைட்டிக்குப் பால் ஊற்றுவதற்கு முன் வீட்டில் அளந்து பார்க்கிற அரை லிட்டர் அளவை அது. பாலில் ஒரு சொட்டு குறைந்தால் சொசைட்டிக்காரனை உலுக்கி எடுக்கிறவர், பேரன் உடம்பிலிருந்து எவ்வளவு போகிறது, எவ்வளவு உள்ளே போகவேண்டும் என்று அளக்கவில்லை.

"அதுல ரெண்டு தடவக்கா."

"பால் அளவையில உப்புத் தண்ணிய ஊத்தாதடி!"

"ஊத்துவேன் அத்தை," என்றாள் அக்கா. சத்தம் போடவில்லை. ஊற்றினாள்.

ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்கச் சொன்னேன். நான்காவது ஸ்பூனில் வாந்தி எடுத்தான்.

"பாத்தியா! பாத்தியா!" என்றார் அத்தை.

"பத்து நிமிஷம் உடுக்கா. அப்பறம் இன்னும் மெதுவாக் குடு." வெளியே கல்லில் உட்கார்ந்து செல்போனில் மணி பார்த்துப் பார்த்துச் சொன்னேன். நடுநடுவே பால் கொடு என்றேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து கொடுத்தாள். ஒவ்வொரு முறை போன பிறகும் கால் டம்ளருக்கு மேல் கரைசல் உள்ளே போனது. பதினொன்றரைக்கு அவன் தலை சாய்ந்தது. தூங்குகிறானா, துவண்டுவிட்டானா?

"எழுப்பு!" என்று கத்தினேன். படிக்கட்டில் ஒரு கால் வைத்துவிட்டேன். அத்தை கதவை மறித்தார். நான் அந்த ஒரு நிமிடத்தை இன்னும் மன்னிக்கவில்லை. அக்கா கன்னத்தைத் தட்டினாள். கண் திறந்தான். ஸ்பூனைப் பார்த்து வாயைக் கொண்டுவந்தான்.

பன்னிரண்டே முக்காலுக்கு அக்காவுக்குக் கை வலிக்கிறதென்று அத்தை பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில், "அய்யய்ய, பொடவையெல்லாம் நனைச்சிட்டானே!" என்று அலறினார். மாமா குனிந்து பார்த்தார். பெரிதாகச் சிரித்தார்.

"யம்மா, ஒண்ணுக்கும்மா! ஒண்ணுக்குப் போயிட்டான்!"

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் வெளியே எழுந்து நின்றேன். போய்த் தூக்கமுடியவில்லை.

சாயங்காலம் மந்திரிக்கிறவர் வந்தார். வேப்பிலை அடித்தார், கறுப்புக் கயிறு கட்டினார். பிள்ளை அதற்குள் ஸ்பூனைக் கடித்து விளையாடிக்கொண்டிருந்தான். வயிற்றுப்போக்கு அன்றே நின்றுவிடவில்லை. மூன்று நாளில் குறைந்து நின்றது. ஆனாலும் தெரு முழுக்க, "கயிறு கட்டுன ஒடனே நின்னுடுச்சு, டீச்சரம்மா தோஷம் எறங்கிடுச்சு," என்றுதான் செய்தி. மறுநாள் கிராமச் செவிலியர் வந்து பார்த்துவிட்டு துத்தநாக (ஜிங்க்) மாத்திரை கொடுத்தார், நாளைக்கு ஒன்று வீதம் பதினாலு நாள். ஐந்தாம் நாளே "நின்னுடுச்சே, இன்னும் எதுக்கு?" என்றாராம் அத்தை. அக்கா பதினாலும் கொடுத்தாள்.

அந்தத் தெருக் குழாய் சாக்கடைக்குள் நிற்கிறது. குடம் வைக்கிற இடத்தில் கறுப்புத் தண்ணீர் தேங்கியிருக்கிறது. அதை யாரும் முகர்ந்து பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்கள். படிக்காதவர்கள் என்று சொல்லி இதைத் தள்ளிவிடவும் முடியவில்லை. ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது எம்.எஸ்சி. படித்த ஒருவர், "எங்க வீட்டுலயும் அந்த மூணு நாள் கொழந்தைய தூக்கமாட்டோம் மிஸ். எதுக்கு ரிஸ்க்?" என்றார். டிபன் டப்பாவை மூடி எழுந்துவிட்டேன்.

அடுத்த மாதம் நாள் பார்த்து அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தை வாசலிலேயே கேட்டார்.

"தலைக்கு ஊத்திட்டியா?"

"இல்ல அத்தை. ரெண்டாம் நாள்."

அவர் வாயைத் திறப்பதற்குள் அக்கா உள்ளிருந்து வந்து பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். மாமா செல்போனைப் பார்ப்பதுபோல் நின்றார். பிள்ளை என் காதுத் தோட்டைப் பிடித்து இழுத்தான்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அங்கேயே இருந்தேன். மடியை விட்டு அவனை இறக்கவில்லை. அத்தை இரண்டு நாளும் துணியை விரித்து விரித்துப் பார்த்தார். மஞ்சளாகவே இருந்தது.