யூலின் கடோரின் அடக்கப் பணம்

கூயாவ் ஊர் ஜாதிக்காய் நிலையத்தில் காய் பிரித்துப் பிரித்தே முதுகு வளைந்தவர் யூலின் கடோர். கணவர் இறந்த வாரம் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆள் போனதும் வங்கி அவர் பெயரிலிருந்த கணக்கை முடக்கிவிட்டது. சவப்பெட்டிக்குக் கடன் வாங்க வேண்டியதாயிற்று. தன் சாவுக்கும் அந்தக் கதி வேண்டாமென்று, தன் சேமிப்புக் கணக்கில் மகன் லிண்டனின் பெயரையும் சேர்த்தார். அங்கே பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

லிண்டன் அதைத் துடைத்தெடுத்து ஒரு மினி பஸ் வாங்கினான். கேட்டதற்கு, "என் பேரும்தானே இருக்கு, மா," என்றான்.

யூலின் இலவசச் சட்ட உதவி வக்கீலைத் தேடிப் போனார். பக்கத்து வீட்டு மெர்ல் வாசலிலேயே மறித்தார்.

"பெத்த பிள்ளையக் கோர்ட்டுக்கு இழுக்கறியே, யூலின். சர்ச்சுல எப்படி முகம் காட்டுவ?"

"ஊரான் பிள்ளைன்னா போலீசுக்கே போயிருப்பேன். பெத்ததாலதான் வக்கீலோட நிறுத்தியிருக்கேன்."

சொன்னாரே தவிர, பயம் இருந்தது. தோற்றால் சர்ச்சில் தட்டேந்தித்தான் அவரைப் புதைக்க வேண்டும்.

நம்பி ஒப்படைப்பது கொடுத்துவிடுவதாகுமா என்பது பழைய கேள்வி. கோர்ட்டில் லிண்டனின் வக்கீல், ஆகும் என்றார்.

"கையெழுத்து நீங்களாப் போட்டதுதானே, மேடம்? யாரும் மிரட்டலையே?"

"என்னை மிரட்டறவன் இன்னும் பொறக்கல."

"அப்போ பணம் அவருக்கும் சொந்தம்தானே?"

"அது என்னைப் புதைக்க வச்ச பணம், ஐயா." யூலின் மகன் பக்கம் திரும்பினார். "புதைச்சிட்டியாடா? பெட்டி என்ன மரம்? துக்கத்துக்கு வந்தவங்களுக்கு ரம் ஊத்தினியா, வெறும் காப்பியோட அனுப்பிட்டியா?"

பின்வரிசையில் மெர்ல் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். நீதிபதி அம்மையார் சிரிக்காமல் லிண்டனைக் கேட்டார்.

"சொல்லுங்க, லிண்டன். எதுக்காக உங்க பேரைச் சேர்த்தாங்க?"

"அடக்கச் செலவுக்கு, மேடம்."

"அம்மா உயிரோடதானே இருக்காங்க?"

லிண்டன் தரையைப் பார்த்தான். "இருக்காங்க, மேடம்."

வழக்கு அங்கேயே முடிந்தது. பணம் தாயுடையது, மகன் அதற்குக் காவல் மட்டுமே, எடுத்ததற்குப் பொறுப்பு அவனே என்று தீர்ப்பானது. மினி பஸ்ஸை விற்று, வட்டியோடு கட்டினான்.

ஊரார் யூலினை வீராங்கனை என்கிறார்கள். அது கொஞ்சம் அதிகம். தன்னுடையதைத் தன்னுடையதென்று, சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னார். அதைச் செய்பவர்கள்தான் குறைவு.

புதிய கணக்கைத் தன் பெயரில் மட்டும் திறந்தார். வங்கிப் பெண் தயங்கினாள்.

"உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா பணம் முடங்கிடுமே, மிஸ் கடோர்?"

"முடங்கட்டும். ஊர்ல நாறவா விட்டுடுவாங்க? இப்போ கொஞ்சம் எடுத்துக் குடும்மா. மெர்ல் வெளிய நிக்கறா, மீன் சாப்பிடப் போறோம்."