தண்ணியோரத்துக் கிளாஃபிரா

எங்கள் பீட்டர்ஸ்பர்க் பாலே அரங்கில் கடைசி வரிசையில் ஆடுபவர்களைத் 'தண்ணியோரத்துக்காரிகள்' என்போம். பின்திரையில் தீட்டிய ஏரிதான் அவர்களுக்கு அண்டைவீடு. கிளாஃபிரா நிகீதிச்னா பதினாறு வயதில் அங்கே போய் நின்றாள். பத்தொன்பது வருடத்தில் ஓர் அடி முன்னால் வரவில்லை. வரச்சொல்லி யாரும் கேட்கவுமில்லை. இன்னும் ஒரு வருடத்தை ஓட்டிவிட்டால் ஜார் அரசாங்கத்தின் ஓய்வூதியம். அதற்குள் நோயாளி என்று பெயரெடுத்தால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள்.

மணவாளன் ஏரியில் மூழ்கிப்போகும் கதை ஒன்று, புது பாலே; அதன் ஒத்திகையின்போது அவளுக்குக் கடைவாய்ப் பல்வலி. இடது கன்னம் பன்ரொட்டி மாதிரி உப்பியிருந்தது. எல்லோரும் சபையைப் பார்த்து நிற்கவேண்டிய இடத்தில், கன்னத்தை மறைக்க அவள் மட்டும் இடது தோளுக்கு மேலே ஏரியைத் திரும்பிப் பார்த்தாள்.

நடனம் அமைத்த பிரெஞ்சுக்காரர் முசியே லவேர்ன் நாற்பது வருடமாக ருஷ்யாவில் இருந்தும் எங்கள் பாஷையைப் பிய்த்துப் பிய்த்துத்தான் பேசுவார். கைத்தடியால் தரையைத் தட்டினார்.

"நீ! தண்ணி பக்கம்! என்னா பாக்குது?"

"தண்ணியத்தான், முசியே."

"ஏன்?"

வீங்கிய வாயில் நீளமாகப் பேச வரவில்லை. "பாவமா இருக்கு," என்றாள்.

கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எல்லாம் தண்ணி பாரு!"

பக்கத்தில் நின்ற ஸினயீதா முணுமுணுத்தாள்: "உன் ஒரு பல்லுக்கு எங்க எல்லார் கழுத்தும் சுளுக்கணுமாடி, மகராசி?"

அரங்கேற்றத்துக்கு முந்தின நாள் நாவிதன் பல்லைப் பிடுங்கிவிட்டான். வலி போனதும் பழைய பழக்கம் வந்துவிட்டது. அரங்கேற்றத்தில் அத்தனை பெண்களும் ஏரியைப் பார்த்து ஏங்க, கிளாஃபிரா மட்டும் சபையைப் பார்த்து நின்றாள்.

திரை விழுந்ததும் முசியே வந்தார். "எல்லாருக்கும் சோகம். உனக்கு மட்டும் திருவிழா!"

"வெளிய அனுப்பிடலாம்," என்றார் நிர்வாகி.

"ஒரே ஒரு வருஷம், ஐயா!" என்றாள் கிளாஃபிரா.

முசியே யோசித்தார். "பின்னால போ."

"எனக்குப் பின்னால வரிசையே இல்லையே, முசியே."

"தண்ணிக்குப் பின்னால!"

சம்பளப் பட்டியலில் பெயர் ஆட்டக்காரிகளோடேயே இருக்க, ஏரித்திரையைப் பின்னாலிருந்து அசைத்து அலை உண்டாக்குவது அவள் வேலையாயிற்று.

மூழ்கிப்போன மணவாளனைத் தேடும் அந்தப் பார்வையைப் பத்திரிகைகள் வானளாவப் புகழ்ந்தன. நடனப் பள்ளியில் இன்றும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

அந்த வருடம் முழுக்க முப்பது பெண்கள் நெஞ்சுருகப் பார்த்த திசையில் கிளாஃபிரா இருந்தாள். ஒரு கையால் ஏரியை ஆட்டிக்கொண்டு, வலது பக்கப் பல்லால் சூரியகாந்தி விதை கொறிப்பாள். ஓய்வூதியம் தவறாமல் வந்தது.