நாற்பது மீட்டருக்குப் பாடு பிரித்த கதை

இளைய ஹாம் ரேடியோ நண்பர்கள் க்யூ.ஆர்.எம். என்கிற குறுக்கீட்டு இரைச்சலுக்கு வழி கேட்டால், ஃபில்டர் வாங்கு, ஆண்டெனாவைத் திருப்பு என்று சொல்லி அனுப்பிவிடுவேன். எங்கள் குப்பத்தில் நடந்ததைச் சொன்னால் என்னைப் பைத்தியம் என்பார்கள். போகட்டும், எழுதிவிடுகிறேன்.

1. இரைச்சல்

படகுகளுக்கு ஜி.பி.எஸ்., வயர்லெஸ் செட் ரிப்பேர் செய்வது என் தொழில். ஊரில் ஹாம் லைசென்ஸ் உள்ள ஒரே ஆள் என்பதால், ஒரு தன்னார்வக் குழு புயல் மையத்தில் ஷார்ட்வேவ் செட் வைத்து என்னிடம் ஒப்படைத்தது. புயல் ஒத்திகை இரவில், மதுரையிலிருந்து அதை நடத்தும் நெட் கண்ட்ரோலிடம் ஒரு செய்தி வாங்கி, பதில் தர வேண்டும். முடியாவிட்டால் செட் எளாவூர்ப் பக்கம் போய்விடும்.

போகவிட எனக்கு மனசில்லை. முந்தைய புயலில் செல்போன் டவர் சாய்ந்து, காட்டுப்பள்ளியில் ஒதுங்கிய எங்கள் படகுகளின் சேதியே வரவில்லை. பெண்கள் மணலில் உட்கார்ந்து அழுததைப் பார்த்தவன் நான்.

பொழுது சாய்ந்தால், நாங்கள் பேசும் நாற்பது மீட்டர் என்ற அலைவரிசைப் பேண்டில் திருவிழாக் கூட்டம். ஒரு பக்கம் இந்தோனேசியாக்காரர்கள் இருவர் விடாமல் சிரிப்பார்கள். இன்னொரு பக்கம் எந்த நாட்டுப் பாட்டோ ஓடும். அதையெல்லாம் டயலை நகர்த்தித் தப்பிக்கலாம். டயல் முழுக்க ‘கர்ர்ர்’ என்று ஓர் இரைச்சல் வந்ததே, அதிலிருந்துதான் தப்ப முடியவில்லை. சின்ன ரேடியோவைக் கையில் பிடித்துத் தெருத்தெருவாகத் தேடினேன். செல்வியின் கடை வாசலில் அது காதைக் கிழித்தது. படகு விளக்குகளுக்கு பேட்டரி சார்ஜ் செய்யும் கடை அது.

“அந்த சார்ஜரக் கொஞ்சம் நிறுத்தும்மா.”

“நிறுத்திட்டா போட்டுக்கு லைட்டு நீ புடிப்பியாண்ணே? மொதல்ல உன் வாத்துச் சத்தத்த நிறுத்து!”

அதுவும் உண்மை. நான் மைக்கை அழுத்தினால், அம்மன் கோயில் ஸ்பீக்கரில் என் குரல் வாத்து கத்துவது போல வந்துகொண்டிருந்தது. ஊர்த் தலைவர் ஏழுமலை தலையில் அடித்துக்கொண்டார். “ஆத்தா பேசுறான்னு கற்பூரம் ஏத்துறாங்கப்பா. இன்னா பதில் சொல்றது நானு?”

2. பஞ்சாயத்து

கடலை ஒட்டிய எங்கள் ஏரியில் எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை போடுவது என்று முறைவைத்துப் பிரிப்போம். அதற்குப் பாடு என்று பெயர். தலைவர் அதையே எடுத்தார். “தகராறு வந்தா பாடு பிரிக்கணும். ஒரு ராத்திரி சார்ஜரு, ஒரு ராத்திரி கோயில் மைக்கு, ஒரு ராத்திரி ரேடியோ. வேற யாரு கீறாங்க அதுல?”

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். “இந்தோனேசியாக்காரங்க” என்றேன்.

“அப்ப நாலாவது ராத்திரி அவங்களுக்கு.”

“அவங்களுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது தலைவரே!”

“தெரியாட்டி இன்னா? பங்கு பங்குதான்.”

அன்று முதல் நாலாவது ராத்திரி தோறும், முகம் தெரியாத இரண்டு பேருக்காக எங்கள் குப்பம் சத்தமில்லாமல் கிடந்தது. சார்ஜர் கிடையாது, மைக் கிடையாது, என் செட்டும் கிடையாது. எரிச்சலில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

3. ஒத்திகை

ஒத்திகை சரியாக இந்தோனேசியாக்காரர்களின் பாடு ராத்திரியில் வந்து விழுந்தது. தலைவர் அசையவில்லை. “அடுத்தவன் பாட்டுல வலை போடக் கூடாது. அவங்ககிட்ட ஒரு வார்த்த கேளு.”

“கேக்கணும்னா செட்டப் போடணுமே!”

“அது எப்டி, அவங்க ராத்திரில?”

செட் போய்விடும் என்று நான் அழாத குறை. அப்போது செல்விதான் வாய் திறந்தாள். “பாடு உள்ளவன் கரைக்கு வரலன்னா, அந்த எடத்த அடுத்தவன் எடுத்துக்கலாம்ல? அதானே முறை?”

தலைவர் யோசித்தார். பொழுது சாயும் நேரம் பஞ்சாயத்தார் எல்லோரும் கரைக்குப் போனார்கள். அவர் கடலைப் பார்த்து, “இந்தோனேசியாக்காரங்க யாராச்சும் கீறீங்களாப்பா?” என்று மூன்று முறை கூவினார். அலைச் சத்தம்தான் கேட்டது. “வரல. நீ எடுத்துக்கோ” என்றார்.

செட்டைப் போட்டேன். இரைச்சலே இல்லை. மதுரை பளிச்சென்று கேட்டது. ஆனால் என் குரல் மதுரைக்குச் சரியாகக் கேட்கவில்லை. “உங்க குரல் அரைகுறையாத்தான் காப்பி ஆகுது. இங்க க்யூ.ஆர்.எம். ஜாஸ்தி” என்றார் கண்ட்ரோல்காரர். திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன்.

பின்னால் நின்ற தலைவர் கத்தினார்: “அவுரு வூட்ல இன்னா ஓடுதுன்னு பாக்கச் சொல்லுப்பா!”

அதையே நிறுத்தி நிறுத்தி நான் திருப்பிச் சொன்னேன். பிறகு தயங்கிய குரல்: “மன்னிக்கணும். எங்க வீட்டு மீன்தொட்டி லைட்டு. அணைச்சிட்டேன். இப்ப க்ளியர்.”

செய்தி வந்தது, பதில் போனது, செட் எங்களுக்கே நின்றது. சந்தோஷத்தில் தலைவரைக் கட்டிப்பிடித்துவிட்டேன். செல்விக்கு மட்டும் ஆச்சரியம் தீரவில்லை. “மீன வூட்டுக்குள்ள வுட்டு லைட்டு வேற போட்டு வச்சிருக்காங்களா?”

“அஞ்சாவது ராத்திரி மீன்தொட்டிக்கு” என்றார் தலைவர்.

நான் கற்றது இதுதான், தம்பிகளே: பேண்டு நமக்கு மட்டும் சொந்தமில்லை. பக்கத்து வீட்டு இரைச்சலைத் தேடிப் போகும்போது, நம் வாத்துச் சத்தம் எங்கே கேட்கிறது என்றும் விசாரியுங்கள். ஐந்து ராத்திரிக்கு ஒன்றுதான் எனக்கு. அந்தக் கவலையில் ஒருநாள் தலைவரிடம் கேட்டேன்.

“என் பாடு இல்லாத அன்னிக்குப் புயல் வந்தா?”

அவர் என்னை முறைத்தார். “பொழைக்கிறதுக்குத்தான்யா பாடு. புயல் வந்தா எல்லா ராத்திரியும் உன்னுது.”