மொட்டைக் காட்டில் ஒளிந்தவர்

மன்னிப்பது பெரிய குணம் என்கிறார்கள். எனக்கு அது வாய்க்கவில்லை. வாய்த்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எனக்குக் கடை. சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா மாறுதல், பரீட்சை விண்ணப்பம். ஜனங்கள் சொல்லச் சொல்லத் தட்டி ஏற்றிக் கொடுப்பேன். அதற்காக வாங்கியதுதான் பதினோரு இஞ்ச் திரை வைத்த அந்தச் சின்ன லேப்டாப். காய்கறிப் பையில் போட்டால் வெண்டைக்காய்க்கு அடியில் காணாமல் போய்விடும். ஒரு விண்ணப்பம் திறந்தால் சமர்த்தாக இருக்கும். இரண்டு திறந்தால் யோசிக்கும். மூன்றாவது திறந்தால் அப்படியே கல்லாகச் சமைந்துவிடும்; நான் போய் டீ குடித்துவிட்டு வருவேன்.

மத்தியானம் ரெண்டிலிருந்து நாலு வரை அந்தச் சந்தில் நாய்கூட நடக்காது. வெயில் மட்டும் நடக்கும். அந்த நேரத்தில் நான் ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு, காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, விமானத்திலிருந்து ஒரு தீவில் குதிப்பேன். நூறு பேர் குதிக்கிற ஆன்லைன் விளையாட்டு. நாலு நாலு பேராக அணி. துப்பாக்கி பொறுக்கி, ஒளிந்து, ஓடி, சுட்டு, கடைசியில் எந்த அணி மிஞ்சுகிறதோ அதற்கு வெற்றி. நாற்பத்தாறு வயது. முட்டி வலி. ஆனாலும் அந்தத் தீவில் நான் சுவர் ஏறிக் குதித்திருக்கிறேன்.

அதை என் லேப்டாப்பில் ஏற்றியவர் என் கொழுந்தனார், வீட்டுக்காரரின் தம்பி. பெங்களூரில் வேலை. பண்டிகைக்கு அரியலூர் வீட்டுக்கு வந்தவர் வேடிக்கைக்காக ஏற்றினார்.

"அண்ணி, இது தெறக்கவே தெறக்காது பாருங்க. தெறந்துட்டா நான் மீசைய எடுத்துடறேன்."

பதினோரு நிமிஷம் ஆனது. திறந்தது. மீசை அப்படியே இருந்தது.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் ஞாயிறுதோறும் ஒரே அணியில் ஆடினோம். அவர், அவருடைய ஆபீஸ் சிநேகிதர்கள் இரண்டு பேர், நான். சுடுவதில் நான் சுமார். வரைபடம் படிப்பதுதான் என் வேலை. எந்த ஓடையைத் தாண்டினால் ஆள் இருப்பான், எந்த வீட்டுக் கதவு திறந்து கிடக்கிறது, எந்தப் பக்கம் போகவே கூடாது. பட்டா வரைபடம் பார்த்துப் பழகிய கண். "அண்ணி சொன்னா சரியா இருக்கும்டா" என்று அந்த இரண்டு பேரும் பேசிக்கொள்வார்கள். அந்தக் குரல்களுக்காகவே காலையில் ரெட்டை வேகத்தில் விண்ணப்பம் ஏற்றியிருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாலத்தைத் தாண்டும் இடத்தில், என் திரை நின்றுபோனது. நான் நடுப்பாலத்தில் சிலைபோல நின்றேன். என்னைக் காப்பாற்ற வந்த மூன்று பேரும் வரிசையாக விழுந்தார்கள்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் கொழுந்தனார். அன்றைக்கு அவர் அரியலூர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தார். "உங்க பொட்டியால நாலு பேரும் சாவுறோம். நீங்க அந்தப் பழம் வெட்டுற கேம் இருக்குல்ல, அத ஆடுங்க. அதுக்கு இது தாங்கும்."

சிநேகிதர்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர் பக்கத்தில் இருந்த என் நாத்தனார், அவருக்கு அக்கா, பேசியதும் மைக் வழியாக என் காதுக்கே வந்தது.

"அவங்களுக்கு எதுக்குடா சண்டை? சட்னி அரைக்கிற கேம் ஒண்ணு போட்டுக் குடு."

நான் வாய் திறப்பதற்குள் என் பெயரை அணியிலிருந்து எடுத்துவிட்டார். சாயங்காலம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. அச்சு முறிந்த மாட்டு வண்டி. கீழே, "எங்க அண்ணி லேப்டாப்." அதற்குச் சிரிக்கிற பொம்மை போட்ட ஏழு பேரில் என் வீட்டுக்காரரும் ஒருவர். அன்று ராத்திரி அவருக்கு உப்புமா.

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றார். தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டேன். முந்தானையில் முடிந்துகொண்டேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அவர் சிரித்த அதே கூடத்தில், நாத்தனாரும் வீட்டுக்காரரும் பார்க்க, இதே லேப்டாப்பால் அவரை விழத்தட்ட வேண்டும். வேறு லேப்டாப் வாங்கி ஜெயித்தால் அது லேப்டாப்பின் வெற்றி. எனக்கு அது வேண்டாம்.

அடுத்த நாள் முதல் அந்தச் சின்ன உடம்பைத் தயார் செய்தேன். அடிமூடியைக் கழற்றினேன். உள்ளே கல் உடைக்கிற கிரஷர் தூசி. பெரம்பலூரில் ஜல்லி லாரி போகாத நாள் ஏது? விசிறியின் இதழ்களுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி படிந்திருந்தது. தலைக்கு டை அடிக்கிற பிரஷால் சுத்தம் செய்தேன். இரண்டு எவர்சில்வர் டம்ளர்களைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார வைத்தேன், அடியில் காற்று போகட்டும் என்று. ஜன்னலில் ஈரச்சாக்கு கட்டினேன். ஆடும்போது வேறு எதையும் திறக்காமல் பார்த்துக்கொண்டேன். பிறகு விளையாட்டின் அமைப்புகளுக்குள் போனேன். என் திரையில் முதலிலிருந்தே அரைகுறையாகத்தான் தெரிந்த தீவு அது. நிழலா? எடு. தண்ணீரில் ஒளி மின்னுவதா? எடு. மேகமா? எடு. புகையின் மென்மை, மரத்தின் இலை, தூரத்து மலையின் நீலம், எல்லாவற்றையும் எடு. உலகத்தை உரித்துக்கொண்டே போனேன். எலும்பு மட்டும் மிஞ்சியது. எலும்பு ஓடியது.

ஓடியது என்றாலும் மூச்சு வாங்கும். திரும்புகிற இடத்தில் மனசுக்குள் மூன்று எண்ணுகிற நேரம் நிற்கும், பிறகு தாவும். அந்த மூன்றையும் பழகினேன். ஆள் இருக்கிற இடத்தில் சுடக்கூடாது. இன்னும் கொஞ்ச நேரத்தில் எங்கே இருப்பானோ அங்கே சுட வேண்டும். முன்பின் தெரியாதவர்களோடு தனியாக ஆடினேன். செத்தேன். மறுபடி குதித்தேன். மறுபடி செத்தேன். சாகிற ஒவ்வொரு தடவையும் ஒரு குரலை நினைத்துக்கொள்வேன். பழம் வெட்டுற கேம்.

ஒரு மத்தியானம் ஒரு கோட்டை மேட்டில் ஏறிக்கொண்டிருந்தேன். ரஞ்சன்குடிக் கோட்டைச் சரிவு மாதிரியே இருக்கும், தீவின் வடக்கு மூலையில். மேட்டுக்குக் கீழே, மக்காச்சோளம் அறுத்த காடு மாதிரி மொட்டையாகக் கிடந்த தரையில், ஒருவன் குப்புறப் படுத்திருந்தான். வெட்டவெளியில். ஆற அமர. பத்தடியில் போய் நின்றேன். அசையவில்லை. நெட் போயிருக்கும் பாவம் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் துப்பாக்கி முனை மெல்லத் திரும்புகிறது. ஒளிந்திருக்கிறான். எதற்குள்? சுட்டுவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை.

அந்த வாரமே குடும்பக் குழுவில் கொழுந்தனார் ஒரு வீடியோ போட்டார். அவர் ஆடிய ஆட்டம். "புல்லுக்குள்ள பாம்பு, ஒன்பது பேர் காலி" என்று தலைப்பு வேறு. போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே கோட்டை மேடு. அதே சரிவு. ஆனால் இடுப்பளவு புல். காற்றில் சாய்கிற, நிழல் விழுகிற, பச்சைப் பசேலென்ற புல். அதற்குள் அவர் படுத்திருக்கிறார், ஒரு விரல்கூட வெளியே தெரியாமல்.

டீ ஆறிப்போகும்வரை அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். புல்லை வரைய அவருடைய பெரிய லேப்டாப்புக்குத் தெம்பு இருக்கிறது. வரைகிறது. என்னுடையதற்குத் தெம்பு இல்லை. வரைவதில்லை. அவர் திரையில் அவர் புல்லுக்குள் இருக்கிறார். என் திரையில் மொட்டைக் காட்டில் கிடக்கிறார்.

யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடம்கூட. சிரித்த பொம்மை எனக்கு மறக்கவில்லை.

அறுவடை முடிந்து கல்லங்குறிச்சிப் பெருமாளுக்குப் புது நெல் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, எல்லாரும் அரியலூர் வீட்டில் கூடிய நாள் வந்தது. சாப்பாடு முடிந்தது. கொழுந்தனார் கூடத்தில் தன் லேப்டாப்பைப் பரப்பினார். சிவப்பு விளக்கு எரிகிற விசைகள், செங்கல் கனத்துக்குச் சார்ஜர், மாவு மில் மாதிரி இரைகிற விசிறி. நான் காய்கறிப் பையிலிருந்து என்னுடையதை எடுத்து எதிரே வைத்தேன். இரண்டு டம்ளர் கேட்டேன். நாத்தனார் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். ஊற்றியதைக் குடித்துவிட்டுக் கவிழ்த்தேன்.

"தம்பி, ஒரு ஆட்டம் போடலாமா? நீங்களும் நானும் மட்டும்."

"அண்ணி, இன்னும் இத வெச்சிருக்கீங்களா? வெடிச்சிரப் போவுது."

"வெடிச்சா ரெண்டு பேருக்கும்தானே. வாங்க."

விளையாட்டுக்குள்ளேயே எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தனி அறை திறந்தார். நூறு பேர் தீவில் இரண்டே பேர். வீட்டுக்காரரும் நாத்தனாரும் அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார்கள். பெரிய திரை, அழகான திரை. என் பதினோரு இஞ்சைப் பார்க்க யாரும் வரவில்லை. வராதது நல்லதாகப் போயிற்று.

அவர் நேராகக் கோட்டை மேட்டுக்கு ஓடிப் படுத்துக்கொண்டார். நான் மேலே ஏறினேன். கீழே பார்த்தேன். உழுத வயலில் கொக்கு நிற்பது மாதிரி அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தார். மூச்சை அடக்கினேன். ஒரு குண்டு.

"எங்கேருந்து?" என்றார்.

இரண்டாவது ஆட்டத்தில் ஓடைக்கரைப் புல்லுக்குப் போனார். அங்கேயும் விழுந்தார். மூன்றாவதில் தீவின் தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த புல்லில். பின்பக்கமாகவே போய், அவசரமே இல்லாமல், பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுச் சுட்டேன். கேவலமான காரியம்தான். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு இனித்தது. இன்றைக்கும் இனிக்கிறது.

"என்னடா, சட்னி அரைக்கிறவங்க ஒன்னய அரைக்கிறாங்க?" என்றார் வீட்டுக்காரர். கட்சி மாறுகிற வேகத்தில் அவரை யாரும் மிஞ்ச முடியாது.

கொழுந்தனார் முகம் சிவந்துவிட்டது. "அண்ணி, இதுல என்னமோ ஏத்தி வெச்சிருக்கீங்க. மிஷின மாத்திக்குவோம். நீங்க என்னுதுல ஆடுங்க, நான் உங்களுதுல ஆடுறேன்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. என் திரைக்கு முன்னால் உட்கார்ந்தால் எல்லாம் தெரிந்துவிடும். அதில் நானும் அவருக்கு அப்பட்டமாகத் தெரிவேன். வேண்டாம் என்றால் ஏமாற்றி ஜெயித்தேன் என்றாகிவிடும். நாத்தனார் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தார்.

"மாத்திக்குவோம்," என்றேன்.

அவருடைய லேப்டாப்பில் தீவு விரிந்தது. இரண்டு வருஷத்துக்கு மேலாக நான் ஓடிய தீவு. அதை நான் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. புல் அலையடித்தது. ஒவ்வொரு புல்தாளும் தனித்தனியாக அசைந்தது. மேகத்தின் நிழல் சரிவில் இறங்கி வந்து என் காலடியில் நின்றது. ஓடைத் தண்ணீருக்குள் வானம் கிடந்தது. இதெல்லாம் இவர்களுக்குத் தினமும் கிடைத்துக்கொண்டிருந்ததா? ஓட மறந்து அந்த அழகையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்படி நின்றதற்காகவும் அவர்மேல் இன்னொரு மடங்கு கோபம் வந்தது.

எதிரே அவர் என் லேப்டாப்பின் சின்னத் திரையைத் தன் பக்கம் சாய்த்தார்.

"என்ன அண்ணி இது," என்றார் மெதுவாக. "ஒண்ணுமே இல்ல. புல்லு எங்க?"

"அதுல புல்லு வராது தம்பி."

"கோட்ட மேடு மொட்டையா இருக்கு."

"நீங்க படுத்திருந்த எடம்தான்."

அவருக்குப் புரிந்த நொடியை நான் பார்த்தேன். புருவம் முதலில் ஏறியது, பிறகு வாய் இறங்கியது. நாத்தனார் சுற்றிவந்து அந்தச் சின்னத் திரையைக் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

"ஏன்டா, அப்ப இத்தன நாளும் அம்மணமாவா படுத்துக் கெடந்த?"

அந்தக் கோபத்தில் கொழுந்தனார் தீவில் என்னைத் தேடி ஓடிவந்தார். இப்போது அவருக்கு நான் தெரிகிறேன். புல்லுக்குள் ஒளிந்து பயனில்லை. எழுந்து நின்றேன். நேராக அவரை நோக்கி நடந்தேன். அவர் என் பக்கம் திரும்பினார். திரும்புகிற இடத்தில் என் லேப்டாப் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. திரை நின்றது. விசையைக் குத்திக்கொண்டே இருந்தார். நான் வாய்விட்டு எண்ணினேன், கூடத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி. ஒண்ணு. ரெண்டு. மூணு வருவதற்குள் சுட்டேன்.

நாலாவது தடவை விழுந்தவர் எழுந்து போகவில்லை. தன் லேப்டாப்பைத் திருப்பி வாங்கிக்கொண்டு அமைப்புகளைத் திறந்தார். நான் கிளம்பப் பையை எடுத்துக்கொண்டே பார்த்தேன். நிழலை எடுத்தார். மேகத்தை எடுத்தார். கடைசியாகப் புல்லையும் எடுத்தார். அவ்வளவு பெரிய மிஷினில், அவ்வளவு சிவப்பு விளக்குக்கு மேலே, மொட்டைக் காடு வந்து நின்றது. அதைப் பார்த்தபிறகுதான் எனக்கு மத்தியானம் சாப்பிட்டது செரித்தது.

மூன்றாம் நாள் கடையில் ஒரு பெரியவருக்குப் பட்டா மாறுதல் ஏற்றிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. "அண்ணி, மறுபடி டீம்ல வாங்க. மேப் படிக்க ஆளில்ல. அன்னிக்கு அப்டிப் பேசினது தப்புதான். சாரி." படித்தேன். படித்துவிட்டேன் என்பது அவருக்குத் தெரியும்படி, நீல டிக் விழும்படி படித்தேன். பதில் போடவில்லை. பெரியவரிடம் அவருடைய தகப்பனார் பெயரைக் கேட்டேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிறு போய்விட்டது. வாராவாரம் கூப்பிடுகிறார். நான் தனியாகவே குதிக்கிறேன். சில ஞாயிறு ஒரே தீவில் விழுகிறோம். அவர்கள் மூன்று பேராக ஓடுகிறார்கள், எந்தப் பக்கம் போகக்கூடாதோ அந்தப் பக்கமாகவே. நான் அவரை முதலில் சுடுவதில்லை. அன்றைக்குச் சிரித்த அந்த இரண்டு பேரையும் முதலில் எடுக்கிறேன். அவர் தனியாக நின்று நாலு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்க்கட்டும்.