பனஞ்சாராயத்தில் ஓடிய படகு

எரிபொருள் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். நாடே வரிசையில் நின்ற அந்த வருடம், என் ஸ்கூட்டிக்கு நாலு லீற்றர் பெற்றோலுக்காக யாழ்ப்பாணத்து வெயிலில் குடையும் தண்ணீர்ப் போத்தலுமாக நின்றவள் நான். ஒருநாள் நான் பம்பை நெருங்கும்போது 'முடிந்தது' என்று பலகை வைத்தார்கள். அந்தப் பலகையை வைத்த பையனை இன்றைக்குச் சந்தையில் கண்டாலும் நான் சிரிப்பதில்லை. ஆகவே, மன்னார்த் தீவில் பனங்கள்ளில் இருந்து வடித்த எதனோலைப் பெற்றோலில் கலந்து படகு ஓட்டிப் பார்க்கிறார்கள், அது கடலில் நின்றும் விட்டது, அதைத் தொடர்வதா விடுவதா என்று ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வைத்து வாய்ச்சண்டை பிடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், வெள்ளிக்கிழமை காலையே பஸ் ஏறிவிட்டேன்.

யாழ்ப்பாணத்தில் இருந்து பூநகரி வழியாக மன்னாருக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல் இருக்கும். சங்குப்பிட்டிப் பாலத்தில் காற்று உள்ளே அடித்தபோது மனம் குளிர்ந்தது. அதன் பிறகு நீண்ட நேர் வீதி, உவர் நிலம், பனைகள், மறுபடியும் பனைகள். வழக்கமாக இந்தப் பாதையில் நான் தூங்கிவிடுவேன். இந்த முறை ஒவ்வொரு பனையையும் எத்தனை லீற்றர் என்ற கணக்கில் பார்த்துக்கொண்டு வந்தேன்.

இலுப்பைக்கடவையில் ஒருவர் பெரிய பூசணிக்காய் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் அமர்ந்தார். பெயர் சிவபாலன். நானாட்டானில் நெல் விதைக்கிறவர், மகள் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்புகிறார்.

"மன்னாருக்கோ போறியள்?"

"ஓம் அண்ணை. தோட்டவெளிக்கு. அந்தச் சாராயப் படகைப் பார்க்க."

அவர் பூசணிக்காயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "அந்தக் கூட்டத்துக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை நானும் வாறன். எங்கட கமக்காரர் சங்கம் அனுப்புது. போன எலெக்சனுக்கு ஒருத்தர் வந்தவர். குளத்துக்குக் கீழ கரும்பும் சோளமும் போட்டு எதனோல் எடுப்பம், டொலர் மிச்சம் எண்டார். டொலர் மிச்சம் சரி, குளத்தில தண்ணி மிச்சமோ எண்டு நான் கேட்டன். கையைக் காட்டிப்போட்டு வாகனத்தில ஏறிட்டார்."

"இது பனை தானே அண்ணை? பனைக்கு யார் தண்ணி விடுறது?"

"அதாலதான் பனையெண்டா எனக்குப் பிரச்சினை இல்லை. ஆனா இண்டைக்குப் பனையில துவங்கி, நாளைக்கு இனிக்குது எண்டு வயலுக்கு வந்தா? சோறும் எங்களுக்கு வேணும் பிள்ளை, எஞ்சினுக்கு ஊத்திறதுக்கு முதல்."

எனக்கு டொலரும் சரியாகப் பட்டது, சோறும் சரியாகப் பட்டது. இந்த நாட்டில் எரிபொருள் பற்றிப் பேசினால் இதுதான் தொல்லை, இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கும். கடலுக்குக் குறுக்கே போட்ட நீண்ட பாலத்தால் பஸ் தீவுக்குள் நுழையும்வரை அவர் பேசிக்கொண்டே வந்தார். இறங்கும்போது பூசணிக்காயில் பாதியை வெட்டித் தரட்டுமா என்று உண்மையாகவே கேட்டார்.

மன்னார் பஸ் நிலையத்தில் இரண்டு கழுதைகள் ஒரு கடையின் நிழலைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றன. தோட்டவெளிக்கு ஓட்டோ எண்ணூறு ரூபாய் என்றார்கள், பேரம் பேசி எழுநூற்றைம்பதுக்குப் போனேன். தெற்குக் கரையோரமாகக் காற்றாலைகள் நெடுக நின்று சுழன்றன. ஓட்டோக்காரரிடம் அவற்றைக் காட்டி, "எப்படி?" என்று கேட்டேன்.

"காத்தாடி வடிவாத்தான் கிடக்கு அக்கா. வைக்க முதல் எங்களோட ஒருக்கா இருந்து கதைச்சிருக்கலாம்," என்றார். அவர் சொன்ன விதத்தில் கோபத்தைவிட மனத்தாங்கல்தான் கூட இருந்தது.

நான் தங்கியது ஜெசிந்தா வீட்டில். கருவாடு போடும் பெண்களின் சங்கத்துக்கு அவள்தான் செயலாளர். என்னோடு வேலை செய்த ஒருத்தியின் மச்சாள். கணவர் சூசைதாசனிடம் சின்னப் பெற்றோல் எஞ்சின் பூட்டிய பைபர் படகு ஒன்று இருக்கிறது. அந்தப் படகுதான் கடலில் நின்ற படகு.

ஜெசிந்தா தேத்தண்ணியோடு கதையையும் தந்தாள். பருவத்தில் விற்காமல் புளித்துப்போகும் கள்ளை, பனையேறிக் கள் இறக்கும் சீவல் தொழிலாளரின் சங்கம் தன் சின்ன வடிசாலையில் வடித்துக் கொடுக்கும். ஓர் ஆய்வுக் குழு அதைப் பத்தில் ஒரு பங்காகப் பெற்றோலில் கலந்து, ஒரு படகில் பரீட்சித்துப் பார்க்கும். முதல் கூட்டத்தில் எந்தப் படகு என்று கேட்டபோது ஆண்கள் எல்லாரும் கூரையைப் பார்த்தார்களாம். ஜெசிந்தா எழுந்து, எங்கட படகைத் தாறம் என்றிருக்கிறாள். இந்தத் திங்கட்கிழமைதான் முதல் ஓட்டம். கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே எஞ்சின் இருமி நின்றுவிட்டது. இன்னொரு படகு கயிறு போட்டு இழுத்து வந்தது.

"எஞ்சினுக்குக் குடிவெறி எண்டு ஊரே சிரிச்சுது அக்கா. அது பரவாயில்லை. பிறகு, சீவல்காரர் கள்ளுக்குத் தண்ணி விடுறமாதிரி ஸ்பிரிட்டுக்கும் விட்டிட்டாங்கள் எண்டு கதை வந்திட்டுது. கிளெமென்ட் அண்ணை பாவம்." கிளெமென்ட்தான் அந்தச் சங்கத்தின் தலைவர். "வேண்டாம் எண்டு ஞாயிற்றுக்கிழமை கை தூக்கினா, குழு வேற மாவட்டத்துக்குப் போயிடும். அவையின்ர வடிசாலைக்கு வேற வழியும் இல்லை. எழும்பி நிண்டு சொன்னவள் நான். இனி இந்த ஊரில என்ர சொல்லை ஆர் எடுப்பினம்?"

சூசைதாசன் முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். இந்தப் பேச்சுக்கு அவர் தலை நிமிரவே இல்லை.

சனிக்கிழமை காலை ஆய்வுக் குழுவின் பொறியியலாளர் தர்சினி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாள். படகில் மிஞ்சியிருந்த எரிபொருளை ஒரு கண்ணாடிப் போத்தலில் ஊற்றி மதிலின் மேல் வைத்தாள். நானும் ஜெசிந்தாவும் சூசைதாசனும் குனிந்து பார்த்தோம். சற்று நேரத்தில் அது இரண்டாகப் பிரிந்தது. மேலே ஒரு நிறம், அடியில் கலங்கலாக இன்னொன்று.

"தண்ணி," என்றாள் தர்சினி. "ஸ்பிரிட் தண்ணியைக் கண்டா விடாது, இழுக்கும். கொஞ்சம் எண்டாத் தாங்கும். அளவுக்கு மிஞ்சினா பெற்றோலை விட்டிட்டுத் தண்ணியோட சேர்ந்து அடிக்குப் போயிடும். எஞ்சின் அடியில இருந்து தானே உறிஞ்சுது?" கிளெமென்ட்டின் பீப்பாயில் இருந்து எடுத்த மாதிரியைப் பெற்றோலோடு கலந்து இன்னொரு போத்தலில் வைத்திருந்தாள். அது பிரியவே இல்லை. "அவையின்ர பக்கம் பிழையில்லை. இங்க வந்த பிறகுதான் தண்ணி போயிருக்கு. மழையும் இல்லை. எங்கால போனது?"

யாருக்கும் தெரியவில்லை. சூசைதாசன் வலை ஊசியைத் தேட உள்ளே போனார். ஊசி அவருடைய காதோரம்தான் செருகியிருந்தது.

அன்று பின்னேரம் அவராகவே ஜெசிந்தாவையும் என்னையும் கரைக்குக் கூப்பிட்டார். படகின் விளிம்பில் கையை வைத்துக்கொண்டு, கடலைப் பார்த்தபடி சொன்னார்.

"புது எஞ்சினோ புது வலையோ, முதல் ஓட்டத்தில, எஞ்சின் ராங்கிக்கு ஊத்துற எண்ணெய்க் கானுக்குள்ள ரெண்டு துளி தீர்த்தம் விடுறது எங்கட பழக்கம். மண்ணெண்ணெய்க் காலத்தில இருந்து அப்பா ஆக்களும் விட்டவை. ஒண்டும் நடக்கிறேல்ல. தண்ணி அடியில கிடக்கும், கானின்ர கடைசிச் சொட்டை ஒருத்தரும் ஊத்துறேல்ல." கொஞ்சம் நிறுத்தினார். "இது புது எண்ணெய். இவ வேற எல்லாருக்கும் முன்னால சொல்லிப்போட்டா. எனக்குப் பயம். மடு மாதா கோயில் திருவிழாவில இருந்து கொண்டுவந்த போத்தல் ஒண்டு இருந்தது. முழுப் போத்தலையும் விட்டிட்டன்."

ஜெசிந்தா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மணலில் உட்கார்ந்துவிட்டாள். தன் சொல்லைக் காப்பாற்றத்தான் அவர் அதைச் செய்தார் என்பது அவளுக்கு விளங்கியது.

"அப்ப நாளைக்குச் சொல்லோணும்," என்றாள்.

"தீர்த்தத்தால எஞ்சின் நிண்டது எண்டு கோயில் மண்டபத்தில, பாதருக்கு முன்னால, எப்பிடியப்பா சொல்லுறது?"

"சொல்லாட்டி கிளெமென்ட் அண்ணை தண்ணி விட்டவர் எண்டு ஆகிடும்."

அவர் படகின் கயிற்றை மறுபடியும் இறுக்கிக் கட்டினார். பிறகு மூவரும் வீட்டுக்கு நடந்தோம்.

ஞாயிறு பூசை முடிந்ததும் கோயிலோடு சேர்ந்த மண்டபம் நிறைந்தது. பாதர் முன் கதிரையில் இருந்தார். ஐம்பது வயது இருக்கும், வெயிலில் கறுத்த முகம். சிவபாலன் வெள்ளை வேட்டியில், இந்தமுறை பூசணிக்காய் இல்லாமல் வந்திருந்தார். பஸ்ஸில் சொன்னதையே நின்று நிதானமாகச் சொன்னார். மீனவர்கள் பலர் தலையாட்டினார்கள். அடுத்து ஒரு பெண் எழுந்து, "எண்ணெய் ராங்கியில ஊத்தின மிச்சம் எங்கட வீட்டு மனுசன்மாரின்ர வயித்துக்குள்ள போகாது எண்டு ஆர் பொறுப்பு?" என்று கேட்டாள். பெண்கள் பக்கம் பலமாகக் கைதட்டியது. வடிசாலையை விட்டு வெளியே வரும் முன்பே குடிக்க முடியாதபடி கசப்பு மருந்து கலக்கப்படும் என்று தர்சினி விளக்கினாள். அந்தப் பெண் நம்பாத முகத்தோடு இருந்தாள். அவள் வீட்டில் என்ன பட்டிருப்பாளோ, நான் குறை சொல்லமாட்டேன்.

பிறகு பின்வரிசையில் இருந்து ஒரு குரல்: "எல்லாம் சரி, தண்ணி விட்டது ஆர்? அதைச் சீவல் சங்கம் சொல்லட்டும்!"

கிளெமென்ட் எழுந்தார். பனையேறித் தழும்பேறிய கைகள் அவருக்கு. "நாங்கள் ஒரு துளியும்…" என்று தொடங்கினார்.

"அவையில்லை. நான்," என்றார் சூசைதாசன்.

எழுந்து நின்றே எல்லாவற்றையும் சொன்னார். மடு, போத்தல், பயம், ஒன்றையும் மறைக்கவில்லை. மண்டபம் முழுவதும் பாதரின் முகத்தைப் பார்த்தது. ஜெசிந்தா தன் சேலைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

பாதர் கேட்டார்: "முழுப் போத்தலுமோ?"

"ஓம் பாதர்."

"சூசைதாசன், ஆசீர்வாதம் ஆளுக்கும் படகுக்கும். ராங்கிக்கு எண்ணெய் மட்டும் போதும்." பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "என்ர மோட்டார் சைக்கிள் போன மாசம் ஏன் நிண்டது எண்டு இப்பதான் விளங்குது. அதுக்கும் ஆரோ அன்பா விட்டிருக்கினம்!"

மண்டபம் வெடித்துச் சிரித்தது. கிளெமென்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு சூசைதாசனிடம் போய், அவருடைய தோளைப் பிடித்தார். குளத்துத் தண்ணீரில் விளைகிற எதையும் இதற்குக் கேட்கக் கூடாது என்ற சிவபாலனின் நிபந்தனையை முதலில் ஏற்றார்கள். பிறகு பரீட்சையைத் தொடரக் கைகள் உயர்ந்தன. சாராயத்தைப் பற்றிக் கேட்ட பெண் கடைசிவரை கை தூக்கவில்லை. இனி ஒவ்வொரு பீப்பாயும் வெளியே வரும்போது அவளும் போய்ப் பார்ப்பது என்று முடிவானபோதுதான் அவளுடைய முகம் சற்று இளகியது. இத்தனை வருடத்தில் எரிபொருள் பற்றி எத்தனையோ பேச்சைத் தொலைக்காட்சியில் கேட்டிருக்கிறேன். கேட்டவருக்கு அங்கேயே பதில் கிடைத்த பேச்சை அன்றுதான் கண்டேன்.

பின்னேரம் படகு இறங்கியது. கழுவிய ராங்கியில் புதுக் கலவை. என்னையும் ஏற்றினார்கள், கிளெமென்ட்டையும் ஏற்றினார்கள். எந்தப் பனைக்கும் அஞ்சாத மனிதர், முழங்கால் தண்ணீரில் படகு ஆடியதற்கே என் கையைப் பிடித்துக்கொண்டார். சூசைதாசன் படகின் முன்பக்கத்தில், அணியத்தில், தீர்த்தம் தெளித்தார். எங்கள் தலையிலும் தெளித்தார். ராங்கி இருந்த பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. திங்கட்கிழமை நின்ற இடம் வந்தபோது ஒருவரும் பேசவில்லை. எஞ்சின் பேசிக்கொண்டே போனது. கரையில் ஜெசிந்தா சிறிய உருவமாகி, பிறகு அவள் இரண்டு கையையும் ஆட்டுவது மட்டும் தெரிந்தது. காற்றாலைகளும் அந்தப் பக்கம் சுழன்றுகொண்டிருந்தன. எனக்குச் சந்தோசத்தில் சத்தம் போடவேண்டும் போல இருந்தது, போட்டேன்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸுக்கு வந்தபோது ஜெசிந்தா கருவாட்டுப் பொதியோடு ஒரு குட்டிப் போத்தலும் தந்தாள். "உங்கட ஸ்கூட்டிக்குக் கொண்டுபோங்கோ அக்கா. ராங்கிக்குள்ள மட்டும் விட்டிடாதேங்கோ."

யாழ்ப்பாணத்தில் இப்போது வரிசை இல்லை. பெற்றோல் கிடைக்கிறது, எங்கிருந்து வருகிறது, நாளைக்கும் வருமா என்று எங்கள் தெருவில் யாரும் கேட்பதில்லை. யாரும் எங்களைக் கேட்பதுமில்லை. தோட்டவெளியில் ஒரு மண்டபம் நிறைய ஆட்கள் அதைக் கேட்டுச் சண்டை பிடித்து, சிரித்து, கை தூக்கினார்கள். நான் பிள்ளையாரைக் கும்பிடுகிறவள். என்றாலும் வந்து இறங்கிய அன்றே ஸ்கூட்டியின் முன் சில்லில் நாலு துளி தெளித்தேன். ராங்கி மூடியைத் திறக்கவில்லை.