மாங்காய்க்கு ஒரு பத்தி

ஒட்டன்சத்திரத்துக் காய்கறி மண்டி ஒன்றுக்கு நான் செய்துகொடுத்த வலைப்பக்கத்தைப் கம்ப்யூட்டர் பாடப்புத்தகம் எழுதியவர்கள் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். விலைகளைச் சேமிக்கும் டேட்டாபேஸ் டேபிளில் காய்க்கு ஒரு பத்தி, மேலிருந்து கீழே ஓடும் வரிசை. தக்காளிக்கு ஒன்று, முருங்கைக்கு ஒன்று, கத்தரிக்கு ஒன்று. மண்டியில் மாட்டியிருந்த கரும்பலகை அப்படித்தான் இருந்தது: மேலே காய்களின் பெயர், கீழே அன்றன்றைய விலை. அந்தப் பலகையைப் பார்த்தே வியாபாரம் பேசிப் பழகியவர்களிடம் வேறு எதை நீட்டினாலும் எடுபடாது. தெரிந்தேதான் செய்தேன். அதற்காக இன்றுவரை நான் வருந்தவில்லை.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. திண்டுக்கல்லில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். நானாகப் பிடித்த முதல் வேலை அந்த மண்டி. கேரளத்து வியாபாரிகள் லாரி அனுப்புவதற்கு முன்பே விலையை இணையத்தில் பார்த்துவிட வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. பி.எச்.பி. என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதினேன். காய்களின் பெயர்களை புரோகிராமுக்குள்ளேயே வரிசையாக அடித்துவைத்தேன். வினை அங்கேதான் இருந்தது. புதுக் காய் ஒன்று சீசனுக்கு வந்தால் டேபிளில் பத்தி சேர்க்க வேண்டும். பிறகு விலை பதியும் பக்கத்திலும் விலை காட்டும் பக்கத்திலும் அதன் பெயரை எழுத வேண்டும். ஒன்றை மறந்தால் போதும், முதலாளியிடமிருந்து போன் வந்துவிடும்.

"ஏனுங்க, மொச்சையக் காணமுங்களே?"

அந்தச் சமயத்தில்தான் நான் கர்ப்பமானேன். வயிறு தெரிய ஆரம்பித்ததும் முதலாளிக்குக் கவலை வந்துவிட்டது. நான் பிரசவத்துக்குப் போனால் யார் பார்ப்பது என்று கேட்டார். கோயமுத்தூர் கம்பெனி ஒன்று வேலையைக் கேட்டுக்கொண்டிருப்பதையும் பக்குவமாகச் சொல்லிவைத்தார். மண்டி கைவிட்டுப் போனால் நான் பழையபடி பாடம் மட்டும் நடத்த வேண்டியதுதான். பயமாக இருந்தது. பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது.

கோபத்தில்தான் எனக்கு மூளை வேலை செய்யும். காய்களின் பெயரை நான் எதற்குச் சொல்ல வேண்டும்? டேபிளுக்கே அது தெரியுமே. அதனிடமே கேட்டால் ஆயிற்று. 'ஷோ காலம்ஸ்' என்று ஒரு கட்டளை உண்டு. கொடுத்தால், தன்னிடம் என்னென்ன பத்திகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் எந்த வகை என்று டேபிள் ஒப்பித்துவிடும். தேதிப் பத்தியை ஒதுக்கிவிட்டு, மிச்சமிருப்பதெல்லாம் காய்தான் என்று எழுதினேன். இரண்டு பக்கங்களும் அந்தப் பதிலை வைத்தே தங்களை வரைந்துகொண்டன. முதலாளிக்கென்று ஒரு பெட்டியும் ஒரு பட்டனும் வைத்தேன். காயின் பெயரை அடித்து அமுக்கினால் புதுப் பத்தி சேர்ந்துவிடும்.

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்து வாத்தியார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு முகம் மாறிவிட்டது.

"நீ இல்லாமலே ஓடுச்சுன்னா அப்புறம் உன்ன எதுக்குத் தேடப் போறாங்க? ஒரு முடிச்சாவது உன் கையில இருக்கட்டும்."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் முடிச்சைக் காட்டி வேலை கேட்க எனக்குப் பிடிக்கவில்லை. அப்படியே கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

மகள் பிறந்த மறுநாள் முதலாளி பார்க்க வந்தார். பிரசவ ஆஸ்பத்திரிக்கு முருங்கைக்காய்க் கட்டோடு வந்த ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார். குழந்தையை எட்டிப் பார்த்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து என்னிடம் கொடுத்தார். அன்று காலை அவர் எடுத்த பிரிண்ட். தக்காளி, முருங்கை, கத்தரி, மொச்சை. கடைசியில், நான் எங்கேயும் எழுதாத ஒரு பெயர்: மாங்காய். அதன் கீழே அன்றைய விலை.

"நானே சேத்தனுங்க, தானா வந்துருச்சு. கோயமுத்தூர்க்காரங்களுக்கு வேண்டாம்னு சொல்லிப்போட்டனுங்க. பில்லு போடறதுக்கும் இதே மாதிரி ஒண்ணு வேணும். ஒடம்பு தேறி நீங்களே வந்து பண்ணிக்குடுங்க."

பிரசவத்தில்கூட நான் அழவில்லை. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன். வீட்டுக்காரர் பதறிப்போய் நர்ஸைக் கூப்பிடக் கிளம்பினார். எங்கே வலிக்கிறது என்று கேட்டார்.

"வலிக்கல," என்றேன். "வேலை செய்யுது."